இரண்டாவது பொட்டணம்

பெருமாட்டியில் அந்த எண்ணெய் மில்லை அண்ணன் தம்பிகள் மூன்று பேர் சேர்ந்து நடத்துவதாக ஊரில் சொல்வார்கள். உள்ளதைச் சொன்னால் அதை நடத்தியது அம்மன். எந்தத் தோப்புக் கொப்பரையை வாங்குவது, பழைய இயந்திரத்தை விற்பதா வைத்திருப்பதா, வீட்டுப் பெண்ணை எங்கே கொடுப்பது, எல்லாவற்றையும் கோவிலில் பூக் கேட்டுத்தான் முடிவு செய்தார்கள். அப்பன் சாகும்போது மூன்று பிள்ளைகளையும் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தி, நீங்கள் அடித்துக்கொண்டு மில்லை மூடிவிடுவீர்கள், அதனால் எதுவானாலும் ஆத்தாளைக் கேளுங்கள், அவள் சொன்னதற்கு மேல் பேச்சு வேண்டாம் என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். அந்தக் குடும்பத்துக்கு இருந்த சட்டம் அது ஒன்றுதான்.

பூக் கேட்பது சுலபம். ஒரு வெள்ளை நந்தியாவட்டை, ஒரு செவ்வரளி. இரண்டையும் தனித்தனியாக இலையில் மடித்து, வாழை நாரால் ஒரே மாதிரி கட்டி, அம்மன் காலடியில் வைப்பார்கள். கோவிலில் பூசை செய்யும் பண்டாரத்தின் சின்ன மகள் ஒன்றை எடுத்துக் கொடுப்பாள். வெள்ளை வந்தால் அம்மன் சம்மதித்தாள். சிவப்பு வந்தால் இல்லை. மற்றதைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் ஆத்தா மேல் நம்பிக்கை இல்லை என்று அர்த்தமாகிவிடும். மூத்தவர் அர்த்தநாரி அதைக் கையில் எடுத்துப்போய்க் கோவிலுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் விட்டுவிட்டு வருவார். பொட்டணங்களைக் கட்டுவதும் அவர்தான். குளித்து, ஈரத் துண்டோடு, பூஜை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கட்டுவார்.

அர்த்தநாரியைக் கெட்டவர் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். மில்லில் இருந்து ஒரு டின் எண்ணெயைத் தன் பெண்டாட்டிக்கென்று அவர் எடுத்ததில்லை. குரலை உயர்த்தியதில்லை. அவர் நல்லவராகவே இருந்தார், அதுதான் மற்றவர்களுக்கு வந்த கஷ்டம்.

மலைமேல் பீர்மேட்டில் அப்பன் காலத்திலேயே போட்ட ஒரு கடை இருந்தது. தேயிலைத் தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், இருந்த ஜனங்களுக்கு எண்ணெய், மிளகாய், புளி, கருப்பட்டி. மில்லில் ஆட்டும் எண்ணெயில் பாதி பொள்ளாச்சி, கம்பம், குமுளி வழியாக லாரியில் அங்கேதான் ஏறியது. கடையில் வீட்டு ஆள் ஒருவன் உட்கார்ந்தாக வேண்டும். அப்பனுக்குப் பிறகு ஒவ்வொரு சித்திரையிலும் அம்மனிடம் ஒரே கேள்வி போனது: சென்னியப்பன் இந்த வருஷம் கீழே இருக்கலாமா? ஒவ்வொரு சித்திரையிலும் சிவப்பு வந்தது. அர்த்தநாரி மலைக்குப் போகட்டுமா என்று அம்மனிடம் ஒரு தடவைகூட யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை.

சென்னியப்பன் கடைசித் தம்பி. அண்ணன் சொல்லை வேதவாக்காக வைத்திருக்கும் சாதுப் பிராணி. அவன் பெண்டாட்டி ராமாத்தாள் அவனோடு ஒரு மழைக்காலம் பீர்மேட்டில் இருந்து பார்த்தாள். ஆனியில் பிடித்த மழை ஆவணி வரை விடவில்லை. சுவரில் கை வைத்தால் ஈரம். போர்வை காயவே காயாது. பகலிலேயே பனிமஞ்சு கடைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. சென்னியப்பனுக்கு அங்கேதான் இளைப்பு பிடித்தது. படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்று பயந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடியே விடிய வைப்பான். முதுகைத் தடவித் தடவி அவள் கை மரத்துப்போகும். பக்கத்து லயத்துச் செபமாலையம்மாள் ஆடாதொடைக் கசாயம் வைத்துக்கொடுத்து, இவருக்கு இந்த மண்ணு ஆகாது தாயி, கீழ கூட்டிக்கிட்டுப் போயிருங்க என்று சொன்னாள். எங்கே கூட்டிக்கொண்டு போவது? அம்மன் சொல்லிவிட்டாளே.

போன சித்திரையில்தான் அது நடந்தது. வழக்கம்போல் சிவப்பு வந்தது. எல்லாரும் விபூதி வாங்கிக்கொண்டிருந்தபோது ராமாத்தாள் அழுத முகத்தைக் கழுவ வாய்க்காலுக்குப் போனாள். மூத்தவர் விட்ட பொட்டணம் ஓடிப்போகாமல் கோரைப் புல்லில் சிக்கிக் கிடந்தது. நார் இளகியிருந்தது. அவள் பிரிக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. அம்மன் கொடுக்காத அந்த வெள்ளைப் பூவை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டாவது போகலாம் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. பிரித்தாள். உள்ளே செவ்வரளி.

அவளுக்கு முதலில் புரியவில்லை. எதை எடுத்திருந்தாலும் சிவப்புத்தான் வந்திருக்கும் என்று புரிந்தபோது அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷமும் யார் பேசியது?

வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். சென்னியப்பன், அண்ணன் அப்படிச் செஞ்சிருந்தா அதுக்கு ஒரு காரணம் இருக்கும், வெளிய சொல்லிப்போடாதே என்று சொல்லிவிட்டு மலைக்குப் பெட்டி கட்டினான். அவளும் வாயை மூடிக்கொண்டாள். சொன்னால் அண்ணன் தம்பிக்குள் கத்தி விழும், மில் மூன்று துண்டாகும், ஊர் சிரிக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, யார் நம்புவார்கள்? கடைசி மருமகள், பிள்ளை பெறாதவள், அம்மன் பொட்டணத்தைத் திருட்டுத்தனமாகப் பிரித்தவள்.

அந்த வருஷ மழை சென்னியப்பனைப் பாதியாக்கி அனுப்பியது. பொங்கலுக்கு வந்தவன் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடப்பதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்தான். மாசியில் அவனைக் கல்பாத்தியில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். வயசான மனுஷர். நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, சென்னியப்பனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளிடம் பேசினார்.

"இன்னொரு மழைக்காலம் அங்க இருந்தார்னா திரும்பி வரமாட்டார், கேட்டேளா? மருந்தெல்லாம் அப்பறம். மொதல்ல அந்த மலைக்கு அனுப்பாதேங்கோ."

சித்திரைக்கு இன்னும் ஒரு மாசம்தான் இருந்தது. ராமாத்தாளுக்குச் சோறு இறங்கவில்லை. அவன் பக்கத்தில் படுத்து மூச்சு விடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பாள். விசிலடித்துக்கொண்டு அது உள்ளே போகும், வெளியே வரும். சத்தம் கேட்கிறவரை நிம்மதி, கொஞ்சம் அடங்கினால் எழுந்து நெஞ்சைத் தொட்டுப் பார்ப்பாள். இவனை விட்டால் அவளுக்கு நாதி கிடையாது.

கடைசியில் நடு ஓரகத்தி ராசம்மாளிடம் போய் உண்மையைச் சொன்னாள். ராசம்மாள் நடுத்தம்பி குப்பண்ணனின் பெண்டாட்டி. அவளுக்கும் ஒரு வேக்காடு இருந்தது. மகள் நாச்சம்மாளுக்கு நல்லேப்பிள்ளியிலிருந்து நல்ல இடம் ஒன்று வந்து, பூக் கேட்டு, சிவப்பு வந்து தட்டிப்போயிருந்தது. அந்தப் பையன் வேறு கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டான். மருமகன் என்று ஒருத்தன் வந்தால் மில்லில் பங்கு பேசுவான் என்று மூத்தவர் பயந்ததாக அப்போதே ஒரு பேச்சு இருந்தது. ராசம்மாள் அதை நம்பவில்லை. ஆத்தா வேண்டாம் என்றாள், அவ்வளவுதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டிருந்தாள். இப்போது செவ்வரளிக் கதையைக் கேட்டதும் உரித்துக்கொண்டிருந்த தேங்காயை அப்படியே வைத்துவிட்டு முந்தானையை வாயில் வைத்து அழுதாள்.

இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். மூத்தவரைக் குற்றம் சொல்ல வேண்டாம். போனது போகட்டும். இனிமேலுக்கு ஒரு ஒழுங்கு கேட்கலாம். பொட்டணத்தைப் பண்டாரம் கட்ட வேண்டும், இரண்டையும் எல்லாருக்கும் முன்னால் பிரிக்க வேண்டும். ராமாத்தாள் இன்னொன்றும் சொன்னாள். இது மட்டும் நடந்துவிட்டால் அடுத்த பூ நாச்சம்மாளுக்குத்தான், அவள் கல்யாணத்தை யாரும் தடுக்க முடியாது என்றாள்.

"செவப்பு வந்துட்டா என்ன புள்ள பண்ணுவே?" என்று ராசம்மாள் கேட்டாள்.

"வராதுங்கக்கா. இதுவரைக்கும் ஆத்தாளை ஆரும் கேக்கவே இல்லையே. இப்பத்தான கேக்கப் போறோம்."

புருஷனின் அண்ணனான மச்சாண்டார் முன்னால் பெண்கள் நின்று பேசும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. சொல்ல வேண்டியதைக் கதவுக்குப் பின்னாலிருந்து புருஷனிடம் சொல்லிச் சொல்லவைப்பார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை மில் ஓடவில்லை. களத்தில் காய்ந்த கொப்பரையைப் பார்த்துக்கொண்டு மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். சித்திரைப் பூக் கேட்க நாள் குறிக்கும் பேச்சு நடந்தது. ராமாத்தாள் கதவைத் தாண்டி வெளியே வந்து களத்தில் நின்றாள். சென்னியப்பன் வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

"ஏனுங்க மாமா, வாய்க்கால் தண்ணிக்கு மொறை இருக்குதுங்க. மலைக்கு மட்டும் மொறை வெக்கக் கூடாதுங்களா? மூணு பேரும் ஆளுக்கொரு வருசம் போகட்டுமுங்க."

அர்த்தநாரி தம்பி சென்னியப்பனைப் பார்த்துப் பதில் சொன்னார். அப்பன் வைத்துப்போன ஏற்பாட்டை மாற்ற நாம் யார், எதுவானாலும் ஆத்தாளைக் கேட்போம் என்றார். குரலில் கோபமே இல்லை. இந்தப் பதில் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

"கேக்கலாமுங்க மாமா. இந்தத் தடவை பொட்டணத்தைப் பண்டாரம் கட்டட்டுமுங்க. ரெண்டையும் எல்லாரு முன்னாலயும் பிரிக்கோணுமுங்க."

ராசம்மாள் வெளியே வந்து ராமாத்தாளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, எனக்கும் அதுதான் சரின்னு படுதுங்க என்றாள். குப்பண்ணன் வாயைப் பிளந்துகொண்டு பெண்டாட்டியைப் பார்த்தான்.

"ஆத்தா மேல சந்தேகமா?" என்று அர்த்தநாரி கேட்டார். முதல் முறையாக ராமாத்தாளை நேரே பார்த்துக் கேட்டார்.

"ஆத்தா மேல இல்லீங்க."

அவர் முகம் வெளுத்தது. புரிந்துகொண்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்து, அதை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு, ஆகட்டும் என்று ஒரு வார்த்தை சொன்னார்.

ஜெயித்துவிட்டோம் என்று ராமாத்தாள் நினைத்தாள், பாவம். பொட்டணம் கட்டும் கையை மாற்றினாள், பிரிக்கும் முறையை மாற்றினாள். கேள்வியை மாற்றச் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. முறை வைக்கலாமா என்று ஆத்தாளைக் கேட்டிருக்கலாம். மூன்று பேரில் யார் என்று கேட்டிருக்கலாம். அந்தப் பழைய கேள்வியே நின்றது: சென்னியப்பன் கீழே இருக்கலாமா? அம்மன் நியாயஸ்தி, கேட்டால் சரியாகச் சொல்வாள் என்று அவள் முழுசாக நம்பியிருந்தாள். அந்த வீட்டில் அம்மனை உண்மையாக நம்பியவள் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

பூக் கேட்கும் நாளில் எல்லாரும் கோவிலுக்குப் போனார்கள். பண்டாரத்துக்கு இது புது வழக்கம். எல்லாருக்கும் முன்னால் வெள்ளையை ஒரு இலையிலும் சிவப்பை ஒரு இலையிலும் வைத்துக் கட்டினார். எது எதில் என்று அவருக்கே தெரியாமல் போகும்வரை ஒரு சொம்புக்குள் போட்டுக் குலுக்கி, அம்மன் காலடியில் கொட்டினார். அர்த்தநாரி கைகட்டித் தூண் ஓரமாக நின்றார். அவர் முகத்தில் வியர்வை வழிந்தது. ராமாத்தாள் கண்ணை மூடிக்கொண்டாள். ஆத்தா, உனக்குக் கிடா வெட்டுகிறேன், அங்கப்பிரதட்சிணம் வருகிறேன், என் தலைமுடியைக் கொடுக்கிறேன் என்று வாயில் வந்ததையெல்லாம் வேண்டினாள். சின்னப் பெண் குனிந்து ஒன்றை எடுத்தாள்.

பண்டாரம் பிரித்தார். செவ்வரளி.

இரண்டாவதையும் பிரித்தார். நந்தியாவட்டை, வாடாமல், வெள்ளை வெளேரென்று இருந்தது.

எல்லாரும் பார்த்தார்கள். ஒரு குற்றம் சொல்ல இடமில்லை. அர்த்தநாரியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. முதலில் நம்பாமல் பார்த்தார். பிறகு மெல்ல மெல்ல அந்த முகம் தெளிந்தது. இத்தனை வருஷமாகத் தான் செய்ததெல்லாம் ஆத்தாளின் எண்ணம்தான் போலிருக்கிறது என்று அவருக்கு அந்த நிமிஷம் நிச்சயமாகிவிட்டது. அம்மனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்தது.

"சரீங்ணா, போறேன்," என்றான் சென்னியப்பன். அதைச் சொல்வதற்குள் அவனுக்கு இருமல் வந்துவிட்டது. தூணைப் பிடித்துக்கொண்டு இருமினான். நெஞ்சுக்கூடு ஏறி இறங்கியது. எல்லாரும் அது நிற்பதற்காகக் காத்திருந்தார்கள். அது நிற்கவில்லை.

ராமாத்தாளுக்குள் எல்லாம் அறுந்துவிட்டது. ஓடிப்போய் அர்த்தநாரியின் காலில் விழுந்தாள்.

"மாமா, அவரை உசுரோட உட்டுருங்க. வேற ஆரையாச்சும் அனுப்புங்க. நான் கேட்டது தப்பு. தப்புங்க மாமா."

வேறு யார்? இருப்பது மூன்று பேர். சொல்லும்போதே அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

அர்த்தநாரி குனிந்து, அவள் தலைக்கு மேல் கையை வைத்தார். அவர் அழுதுகொண்டிருந்தார், அந்த அழுகையில் பொய் இல்லை.

"எந்திரி கண்ணு. ஆத்தாகிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். சென்னியப்பன் கீழயே இருக்கட்டும். குப்பண்ணன் போகட்டும்."

பண்டாரம் கையெடுத்துக் கும்பிட்டு, இந்த மனசு யாருக்கு வரும் என்றார். குப்பண்ணன் தலையை ஆட்டினான். எதற்கும் தலையை ஆட்டித்தான் அவனுக்குப் பழக்கம். ராசம்மாள் மட்டும் ஒரு அடி முன்னால் வந்தாள்.

"அதுக்குப் பூக் கேக்கலீங்களா?"

"கேட்டு என்னாச்சு?" என்று அர்த்தநாரி சாந்தமாகச் சொன்னார். "ஆத்தா சொன்னதை உங்களாலயே தாங்க முடியலை. சண்டைதான் வருது. ரெண்டாவது பொட்டணத்தைப் பிரிக்கறது இன்னியோட போதும். அப்பன் சொன்னபடியே இனி நடக்கட்டும். என்ன ராமாத்தா, சரிதான?"

அந்த வீட்டில் ஒரு மருமகளிடம் மூத்தவர் அபிப்பிராயம் கேட்டது அதுதான் முதல் தடவை. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். ராசம்மாளும் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். இல்லை என்று சொன்னால் ராசம்மாள் அவளோடு நிற்பாள். ஒருவேளை குப்பண்ணன்கூட நிற்பான். ராமாத்தாள் புருஷனைப் பார்த்தாள். தூணைப் பிடித்தபடி அவன் வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

"சரீங்க மாமா," என்றாள்.

குப்பண்ணன் வைகாசியில் எண்ணெய் லாரியில் ஏறிப் போனான். திடமான உடம்பு. மழை அவனைச் சாய்க்கவில்லை. தீபாவளிக்கு வரும்போது காலெல்லாம் அட்டைக் கடி, அவ்வளவுதான். ராசம்மாள் சண்டை போடவில்லை, சாபம் விடவில்லை. ராமாத்தாளிடம் உப்பு இருக்கிறதா, தண்ணீர் வந்துவிட்டதா என்பதற்கு மேல் பேசவில்லை. அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ராமாத்தாள் பலநாள் ஏங்கினாள். சென்னியப்பன் பெருமாட்டி வெயிலில் கொஞ்சம் தேறினான். களத்தில் உட்கார்ந்து கொப்பரை திருப்பிப்போட்டான். இருமல் குறைந்தது. அவன் சோற்றுக்குக் கை நீட்டும்போதெல்லாம் ராமாத்தாளுக்குச் சந்தோஷம் வரும், கூடவே ராசம்மாள் எங்கே நிற்கிறாள் என்று கண் தேடும்.

தையில் நாச்சம்மாளுக்குக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு இடம் வந்தது. பையன் பள்ளிக்கூட வாத்தியார். நாச்சம்மாளோடு படித்தவர்களெல்லாம் இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று ஆகியிருந்தார்கள். அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது, ராசம்மாளுக்கும் பிடித்திருந்தது. பூக் கேட்கலாம் என்றார் அர்த்தநாரி. ஈரத் துண்டோடு, பூஜை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பொட்டணம் கட்டினார்.

சிவப்பு வந்தது.

நாச்சம்மாள் கோவில் வாசலில் அப்படியே நின்றாள். அர்த்தநாரி மற்ற பொட்டணத்தை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்கு நடந்தார். எல்லாரும் கால் கழுவப் பின்னால் போனார்கள். அவர் விட்ட பொட்டணம் கொஞ்ச தூரம் மிதந்து, ராமாத்தாள் நின்ற இடத்துக்குக் கீழே கோரைப் புல்லில் வந்து சிக்கியது. அர்த்தநாரி திரும்பி நடந்துவிட்டார். கரையில் ராசம்மாள் நின்றாள். அவள் பொட்டணத்தைப் பார்த்தாள். பிறகு ராமாத்தாளைப் பார்த்தாள். இத்தனை மாசம் உப்புக்கும் தண்ணீருக்கும் மேல் பேசாதவள் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"எடு, ராமாத்தா."

குனிந்தால் கைக்கு எட்டும். அதைப் பிரித்தால் மலைக்கு யார் போவது என்ற பேச்சும் கூடவே பிரியும். பின்னால் மேட்டின்மேல் சென்னியப்பன் நின்று அவளுக்காகக் காத்திருந்தான். அவன் மூச்சு அவளுக்குக் கேட்டது. லேசான விசில், இந்த வெயிலுக்கு நன்றாகத் தணிந்திருந்த விசில்.

ராமாத்தாள் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காலைத் தண்ணீரில் விட்டு, கட்டைவிரலால் அந்தப் பொட்டணத்தைப் புல்லிலிருந்து நகர்த்தி ஓட்டத்தில் தள்ளிவிட்டாள்.